ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ஆர்த்தி சாகா



உலகில் புகழ் பெற்றோர் பலர். அவர்களுள் சிலர் பிறப்பால் பெருமை பெற்றனர். சிலர் செல்வத்தால் பெருமை பெற்றனர். வேறு சிலரோ தம் உழைப்பு ஒன்றினாலேயே பெருமை பெற்றனர். மூன்றாம் வகையைச் சேர்ந்தோரின் வரலாறே நமக்குப் பெரிதும் பயன் தருவதாகும். அத்தகையோருள் ஒருவர், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணியான ஆர்த்தி சாகா. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும், ஒரு பெரிய போட்டிக்கு முன் ஒருவர் தம் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை இன்றும் நமக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறது. ஆதலின், இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஆர்த்தி சாகா 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், இந்தியாவின் கல்கத்தா நகரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பஞ்சுகோபால் சாகா படைத்துறையில் பணியாற்றியவர். ஆர்த்தி இரண்டரை வயதுக் குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தார். பின்னர்ப் பாட்டியே அவரை வளர்த்து ஆளாக்கினார்.

கல்கத்தா நகரம் ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்தது. ஆற்றில் இறங்கிக் குளிப்பதற்கென ஆங்காங்கே படித்துறைகள் உண்டு. சிறுமி ஆர்த்தி தம் சிற்றப்பாவுடன் சம்பத்தலா என்னும் படித்துறைக்குக் குளிக்கச் செல்வது வழக்கம். அங்கேதான் அவர் நீந்தக் கற்றார். மகளுக்கு நீரின்மேல் இருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தையார், அவரை ஹட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். அக்காலத்தில் பெண் பிள்ளைகள் விளையாட்டுத் துறையில் ஈடுபடுவது மிக அரிது. நீச்சலுடை அணிந்து பலர் முன்னிலையில் போட்டியிடுவது அதனினும் அரிது. ஆயினும் தந்தையார் தயங்கவில்லை. மகளிடம் ஒரு திறமை இருப்பதைக் கண்டார். அது வளர்வதற்கு ஓர் இடத்தைத் தேடிக் கொடுத்தார். பெற்றோர் செய்யக்கூடிய உதவிகளுள் இதனினும் சிறந்தது யாது?

1946ஆம் ஆண்டில், ஐந்து வயதில், ஆர்த்தி 110 கெச நீச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1951ஆம் ஆண்டிற்குள் மேற்கு வங்காள மாநில அளவில் அவர் வென்ற போட்டிகள் 22 ஆகும். 1948ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற தேசியப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களையும் ஒரு வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார். 1951ஆம் ஆண்டில் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 வினாடிகளில் நீந்தி முடித்தார். டோலி நசீர் என்னும் வீராங்கனையின் அனைத்திந்தியச் சாதனையை அதனால் முறியடித்தார்.

பதினோரு வயதில் ஒலிம்பிக்

1952ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. இந்தியக் குழுவில் நான்கு பெண்கள் இடம் பெற்றனர். அவர்களுள் ஒருவர் ஆர்த்தி. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவியின் வயது அது! அம்மாணவி தம் புத்தகப் பையை வைத்துவிட்டு, உலகின் தலைசிறந்த நீச்சல் வீராங்கனைகளுடன் ஒரே குளத்தில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கு 200 மீட்டர் மார்பு நீச்சலின் தகுதிச் சுற்றில் ஆர்த்தி 3 நிமிடம் 40.8 வினாடிகளில் நீந்தினார். அடுத்த சுற்றுக்கு அவர் தேர்வு பெறவில்லை. அப்போட்டியில் தங்கம் வென்ற அங்கேரி நாட்டு வீராங்கனை ஏவா செக்கேலி எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 51.7 வினாடிகள். இருவருக்குமிடையே ஏறக்குறைய 49 வினாடிகள் இடைவெளி இருந்தது. தாய்நாட்டில் பல போட்டிகளில் வென்ற சிறுமி, உலக அரங்கில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அன்று கண்டார்.

நாடு திரும்பிய பின்னர் மற்றொரு தோல்வியும் காத்திருந்தது. 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தம் சொந்தத் தங்கையான பாரதி சாகாவிடமே ஆர்த்தி தோற்றார். வேறொருவராயின் மனம் உடைந்து நீச்சலையே கைவிட்டிருக்கக்கூடும். ஆர்த்தியோ தம் வலிமை எது, குறை எது என்று ஆராய்ந்தார். தன்விருப்ப நீச்சலை விடுத்து, தமக்கு நன்கு கைவந்த மார்பு நீச்சலிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினார். எல்லாவற்றிலும் கை வைப்பதைவிட, இயன்ற ஒன்றில் நிலைத்து நிற்பதே சிறப்பு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆங்கிலக் கால்வாய்

மாணவர்களே! ஆங்கிலக் கால்வாய் என்றவுடன் நம் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலைப் போன்ற ஒன்றை நினைத்துவிடாதீர்கள். அது பிரான்சு நாட்டையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் கடல். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 21 மைல். 1875ஆம் ஆண்டில் மேத்யூ வெப் என்னும் ஆங்கிலேயர் அதனை முதன்முதலாக நீந்திக் கடந்தார். பெண்களுள் முதலில் கடந்தவர் அமெரிக்க நாட்டின் கெர்ட்ரூட் எடர்லி; ஆண்டு 1926.

இருபத்தோரு மைல்தானே என்று எண்ண வேண்டா. அக்கடலில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். ஒரு பொழுது அது நீந்துபவரை ஒரு பக்கம் இழுத்துச் செல்லும். மறு பொழுது எதிர்ப்பக்கம் தள்ளும். ஆதலால் எவரும் நேர்க்கோட்டில் நீந்திச் செல்ல இயலாது. நீரும் குளிர்ந்தது. வெப்பமான நம் நாட்டு ஆற்று நீரில் பழகிய உடம்பு அந்நீரில் சிறிது நேரத்திலேயே விறைக்கத் தொடங்கும். வழிகாட்டும் படகு ஒன்று உடன் வரும். ஆனால் நீந்துபவர் அதனைத் தொடலாகாது. உணவையும் நீரிலிருந்தவாறே உண்ண வேண்டும். படகைப் பற்றிக்கொண்டால் முயற்சி முடிந்துவிட்டதாகப் பொருள்.

1958ஆம் ஆண்டில் இக்கால்வாயைக் கடக்கும் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிரேட்டா ஆண்டர்சன் என்னும் பெண்மணி 11 மணி 1 நிமிடத்தில் கடந்து, ஆண் பெண் அனைவரிலும் முதலாவதாக வந்தார். ஆண்களில் முதலாவதாக வந்தவர் அந்நாளைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜேன் தாஸ். அந்நாடே இன்றைய வங்காளதேசம். ஆர்த்தி அவருக்குப் பாராட்டு அனுப்பினார். பிரஜேன் தாஸ் ஆர்த்தியாலும் இது இயலும் என ஊக்கமளித்ததோடு, அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவர் பெயரையும் முன்மொழிந்தார். அதே ஆண்டில் கால்வாயைக் கடந்த மிகிர் சென் என்பவரும் ஆர்த்திக்கு ஊக்கமளித்தார்.

பணமும் பயிற்சியும்

ஆவல் இருந்தது, ஆனால் பொருள் இல்லை. கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்து சென்று, அங்குத் தங்கி, படகும் அமர்த்தப் பெருந்தொகை தேவைப்பட்டது. ஹட்கோலா கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் அருண் குப்தா முன்னின்று நிதி திரட்டினார். ஆர்த்தியின் நீச்சல் திறனைப் பொதுமக்கள் காணுமாறு நிகழ்ச்சிகள் நடத்தப்பெற்றன. சேர்ந்த பணம் போதவில்லை. சமூகத் தொண்டர் சிலர் மேற்கு வங்காள முதலமைச்சர் மருத்துவர் பிதான் சந்திர ராயிடம் எடுத்துரைத்தனர். அவர் 11,000 ரூபாய் கிடைக்க வழி செய்தார்.

பலர் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெருஞ்செயல் நிறைவேறும் என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் நன்கறிவோம். 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, நம் முன்னோர் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் செலுத்தியன்றோ தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆயினர்! ஆர்த்தியின் பயணமும் அவ்வாறே பலர் கை கொடுத்து எழுந்ததாகும்.

பணம் ஒருபுறம் சேர, பயிற்சி மறுபுறம் தொடர்ந்தது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 13ஆம் நாள், கல்கத்தாவின் தேசபந்து பூங்காக் குளத்தில் ஆர்த்தி இடைவிடாமல் எட்டு மணி நேரம் நீந்தினார். ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்று கண்டனர். பின்னர் ஒருமுறை, ஒரே மூச்சாய்ப் பதினாறு மணி நேரம் நீந்தினார்.

இப்பதினாறு மணி நேரத்தை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் வேளையில் ஒருவர் நீரில் இறங்குகிறார் எனக் கொள்வோம். பால் வெட்டி முடிகிறது, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்தாகிறது, பள்ளி விட்டு மாணவர் வீடு திரும்புகின்றனர், மாலையில் விளையாடுகின்றனர், இரவு உணவும் முடிகிறது. அதுவரையிலும் அவர் கரையேறாமல் நீந்திக்கொண்டே இருக்கிறார். குளத்தில் அலை இல்லை, காட்சியும் மாறுவதில்லை. அதே கரை, அதே நீர், அதே கையசைவு. உடம்பு களைப்பதற்கு முன்னரே உள்ளம் சலித்துவிடும். அச்சலிப்பை வெல்வதே அப்பயிற்சியின் பெரும்பகுதி.

எட்டு மணி நேரத்தை முதலில் வென்ற பின்னரே அவர் பதினாறு மணி நேரத்திற்குச் சென்றார் என்பதையும் கவனிக்க வேண்டும். பால்மரம் வெட்டுவோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். நாள்தோறும் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் மரம் பல்லாண்டு பால் தரும். பேராசை கொண்டு ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் படும்; பின்பு பாலும் இல்லை, பட்டையும் இல்லை. உடற்பயிற்சியும் அத்தகையதே. அளவறிந்து ஏற்றிக்கொண்டு செல்லும் பயிற்சியே நிலைக்கும்.

முதல் முயற்சி

1959ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், மருத்துவர் அருண் குப்தாவுடன் ஆர்த்தி இங்கிலாந்து புறப்பட்டார். ஆகஸ்டு 13ஆம் நாள் முதல் கால்வாயிலேயே இறுதிப் பயிற்சி மேற்கொண்டார். குளத்து நீர் வேறு, குளிர்கடல் வேறு என்பதனால், அக்கடலின் குளிருக்கும் அலைக்கும் உடம்பைப் பழக்கினார்.

அவ்வாண்டுப் போட்டியில் 23 நாடுகளைச் சேர்ந்த 58 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் பெண்கள் ஐவரே. ஆகஸ்டு 27ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு, பிரான்சின் கிரி நே முனையிலிருந்து புறப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையே முடிவிடம்.

ஆனால் ஆர்த்திக்குரிய வழிகாட்டிப் படகு உரிய வேளையில் வந்து சேரவில்லை. அதனால் அவர் 40 நிமிடம் தாமதமாகவே நீரில் இறங்க நேர்ந்தது. நாற்பது நிமிடம் சிறிய பொழுதுதானே என்று நமக்குத் தோன்றலாம். நீரோட்டம் வேளை பார்த்துத் திசை மாறும் கடலில் அது சிறிய பொழுதன்று. மற்றவர்க்குத் துணை செய்த நீரோட்டம் அவருக்குத் துணை செய்யாமற் போயிற்று. ஆயினும் விடாது நீந்தினார். காலை 11 மணியளவில் இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவு வரை வந்துவிட்டார். அப்போது நீரோட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. அதன்பின் மாலை 4 மணி வரை போராடியும் ஏறக்குறைய இரண்டு மைல்களே முன்னேற முடிந்தது. கரை கண்ணெதிரே இருக்க, அவர் முயற்சியைக் கைவிட்டுப் படகேற வேண்டியதாயிற்று.

பெருந்தொகை செலவாகிவிட்டது. தாய்நாடே செய்தியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. தோல்வியோ அவருடைய பயிற்சிக் குறைவால் நேர்ந்ததன்று. அந்நிலையில் அவர் ஊர் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

முப்பத்து மூன்று நாள்கள்

இங்கேதான் ஆர்த்தியின் உள்ளத்தின் உறுதியை நாம் காண்கிறோம். அவர் ஊர் திரும்பவில்லை. மீண்டும் ஒருமுறை முயல்வதென முடிவு செய்தார். முதல் முயற்சிக்கும் இரண்டாம் முயற்சிக்கும் இடையே இருந்தவை முப்பத்து மூன்றே நாள்கள். தளர்ந்த உடம்பு தேற வேண்டும். மீண்டும் பயிற்சி செய்ய வேண்டும். கடலும் நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே செல்லும். செப்டம்பர் 24ஆம் நாள் தம் பத்தொன்பதாம் பிறந்த நாளையும் அயல்நாட்டிலேயே கழித்தார்.

பிறந்த நாள் கழிந்த ஐந்தாம் நாள், 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் காலை 5 மணி 55 நிமிடத்திற்கு, அதே கிரி நே முனையிலிருந்து ஆர்த்தி மீண்டும் கடலில் இறங்கினார். இம்முறை உடன் போட்டியிடுவோர் கூட்டம் இல்லை. கடலும் அவருமே எதிரெதிர் நின்றனர். காலை சென்றது, நண்பகல் சென்றது, கதிரவன் மறைந்தான். இருட்டிய பின்னும் அலைகளுடன் போராடிக்கொண்டே இருந்தார். 16 மணி 20 நிமிடம் நீந்திய பின், சாண்ட்கேட் கரையில் கால் பதித்தார். நீரோட்டத்தால் வளைந்து வளைந்து அவர் நீந்தி வந்த வழி 42 மைல் எனக் கணக்கிட்டனர். கரையேறியதும் இந்தியக் கொடியை உயர்த்தினார்.

மாணவர்களே! இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கல்கத்தாக் குளத்தில் அவர் பயிற்சியாக நீந்தியது பதினாறு மணி நேரம். கடலில் அவருக்குத் தேவைப்பட்டது பதினாறு மணி இருபது நிமிடம். அந்தப் பதினாறு மணி நேரமும் அவருக்குப் புதியதன்று. தம் ஊர்க் குளத்திலேயே அதனை ஒருமுறை வென்றிருந்தார். எஞ்சிய இருபது நிமிடமே புதியது. போட்டி நாளில் திடீரென்று ஒரு புதிய வலிமை எவருக்கும் வானத்திலிருந்து வருவதில்லை. முன்னரே சேர்த்து வைத்த வலிமைதான் அன்று வெளிப்படுகிறது. தேர்வு எழுதும் மாணவர்க்கும் இஃது பொருந்தும். தேர்வு நாளுக்கு முதல் இரவில் கண் விழிப்பவனைவிட, ஆண்டு முழுவதும் அன்றன்றைய பாடத்தை அன்றன்றே முடித்தவனே அஞ்சாமல் தேர்வறைக்குள் நுழைவான்.

புகழும் மறைவும்

இங்கிலாந்தில் இந்தியத் தூதராக இருந்த திருமதி விசயலட்சுமி பண்டிதர் ஆர்த்தியை முதலில் பாராட்டினார். பிரதமர் சவகர்லால் நேருவும் பாராட்டுத் தெரிவித்தார். 1960ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. தம் முயற்சிக்குத் துணை நின்ற மருத்துவர் அருண் குப்தாவையே அவர் மணந்துகொண்டார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

ஆர்த்தி பிற்காலத்தில் இரயில்வேயில் பணியாற்றினார். கிழக்குக் கரைத் தடமும் மேற்குக் கரைத் தடமும் கூடும் கெமாஸ் சந்திப்பில் வாழும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், மஞ்சட்காமாலையும் மூளைக் காய்ச்சலும் கண்டு, 53ஆம் வயதில் அவர் காலமானார். 1999ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவருக்குப் பின் எத்தனையோ பேர் அக்கால்வாயைக் கடந்துள்ளனர். நம் மலேசியத் திருநாட்டின் அப்துல் மாலிக் மைதீன் 2003ஆம் ஆண்டில் அதனைக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் மலேசியர் என்னும் பெருமை பெற்றார்.

நாம் கொள்ளத்தக்கவை

ஆர்த்தியின் வரலாற்றைப் படித்த ஆர்வத்தில், மாணவர்கள் தாமாகவே ஆற்றிலோ, தோட்டத்துக் குட்டையிலோ, பழைய ஈயச் சுரங்கக் குளங்களிலோ இறங்கிவிடலாகாது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. ஆர்த்தியும் முதலில் பெரியவர் ஒருவரின் துணையுடனேயே ஆற்றில் இறங்கினார். பின்னர்க் கழகத்தில் முறையாகப் பயின்றார். கடலிலும் படகின் துணையுடனேயே நீந்தினார். நீச்சல் கற்க விரும்புவோர் பெற்றோரின் இசைவு பெற்று, பயிற்றுநர் உள்ள நீச்சல் குளத்தில் கற்பதே முறை.

பெற்றோர்களே! பெண் பிள்ளை ஓடட்டும், நீந்தட்டும், பந்தாடட்டும். பெண்ணாயிற்றே என்று தடுத்தல் வேண்டா. எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தாயில்லாத சிறுமி ஒருத்தியைத் தந்தை ஒருவர் நீச்சல் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஒரு செயலே ஆசியப் பெண்களுக்குப் புதிய வழி ஒன்றைத் திறந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் எத்தனை திறமைகள் வெளிப்படாமல் உறங்குகின்றனவோ! திடலில் அவர்கள் ஓடும் நாளில் கரையோரம் வந்து நின்று கைதட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே! ஒரு போட்டியில் தோற்றால், தோற்றது எதனால் என்று ஆராயுங்கள். குறை உங்களிடம் இருப்பின் திருத்திக்கொள்ளுங்கள். ஆர்த்திக்குப் படகு வாராதது போல, குறை உங்களிடம் இல்லையாயினும் பிறரை நொந்துகொண்டே காலத்தைக் கழிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்குரிய நாளைக் குறித்துக்கொண்டு, அன்றே பயிற்சியைத் தொடங்குங்கள். உங்களுக்கும் கரை கிட்டும். வாழ்க! வளர்க!